ஒங்களுக்கே தெரியுமே

"பையன் கை, கால் எல்லாம் அருமையா இருக்கு அண்ணாச்சி. டீம்லதான் கொஞ்சம் பாத்துக்கிடணும்."

"பாத்துக்கிடணும்னா?"

"ஒங்களுக்கே தெரியுமே அண்ணாச்சி."

"சரி தம்பி, புரியுது."

மொத்தப் பேச்சும் ஒரு நிமிடம் இருக்காது. 2024 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். விடுதி ஹாலில் பையன்கள் போட்ட கூச்சலில் எதுவும் காதில் விழவில்லை என்று வராந்தாவுக்கு வந்து போனில் பேசினேன். உள்ளே டிவியில் பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி, நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியாகிவிட்டது. அதுதான் தன் கடைசிப் போட்டி என்று பாரிஸில் ஆடத் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தார். கேப்டன் ஹர்மன்பிரீத் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதையும், அவர் கோல்போஸ்ட் மேலே ஏறி உட்கார்ந்ததையும் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டேதான் நான் இதைச் சொன்னேன். ஒரு கோல்கீப்பர் தலைக்கு மேல் தூக்கப்படுவதைப் பார்த்தபடியே இன்னொரு கோல்கீப்பரைப் பற்றி அப்படிப் பேசியிருக்கிறேன். இரண்டையும் பிரித்து நினைக்க இன்றுவரை முடியவில்லை.

எங்கள் பள்ளி கீப்பர் எப்படி என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்விதான். பயிற்சி மையத்தில் கீப்பருக்கு ஒரே இடம், மூன்று பெயர்கள். எழுத்தில் எதுவும் கேட்பதில்லை. யாருடைய பையனோ அந்த பி.டி. சாருக்கு ஒரு போன், அவ்வளவுதான். எங்கள் பக்கம் எத்தனையோ வருடமாக இப்படித்தான் நடக்கிறது. நானே இன்னொருவர் சொன்ன சொல்லில்தான் ஒருகாலத்தில் ஜில்லா டீமுக்குப் போனேன்.

அப்படி நான் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வாரம் முன்னால் ஒரு ஃபைனல். 1-1. இன்னும் மூன்று நிமிடம். இடது பக்கத்திலிருந்து அவர்கள் பந்தை உள்ளே தள்ளுகிறார்கள். வலது பக்கம் தடுத்து ஆடும் எங்கள் ரைட் பேக் தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஆள் பின்னால் புகுந்து தட்டிவிட்டான். கோல். கீப்பர் ஹெல்மெட்டைக் கழற்றினான், ஸ்டிக்கால் தன் பேடிலேயே ஓங்கி ஓர் அடி அடித்தான், ரைட் பேக்கிடம் போனான்.

"ஏலே, நாலு தடவ கத்துனேன். காதுல பஞ்சா வச்சிருக்க?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரைட் பேக்கின் அப்பா நின்றுகொண்டிருந்தார். கூலி வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்தவர். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. மீதி மூன்று நிமிடமும் அவன் பந்தைத் தொடவே பயந்தான்.

ஆட்டம் முடிந்ததும் கீப்பரைத் தனியாகக் கூப்பிட்டேன். "போய் மன்னிப்புக் கேளு."

"தப்பு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

"அது இப்ப முக்கியமில்ல."

"அந்த கோல் எம் பேருலதான சார் இருக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் நின்று பார்த்த பார்வையை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டேன். அது வெறுமனே பதிலுக்காகக் காத்திருந்த பார்வை என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவதையும் முழுசாக நம்ப முடியவில்லை. பிறகு அவன் போய்க் கை நீட்டினான், ரைட் பேக்கும் கொடுத்தான். இரவு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து சேவு தின்றுகொண்டு வந்தார்கள். கண்ணால் பார்த்தேன். போனில் பேசியபோது அந்த சேவுப் பொட்டலம் என் நினைவுக்கு வரவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றியதுதான் வந்தது.

கீப்பர் கத்தத்தான் வேண்டும். ஹாக்கி தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் எல்லாம் பந்தைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பார்கள். மைதானம் முழுக்கத் தெரிவது அவன் ஒருவனுக்குத்தான். பெனால்டி கார்னர், அதாவது தப்புக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கோல் பக்கத்தில் கிடைக்கும் வாய்ப்பு, என்றால் தடுக்க அவனோடு சேர்த்து ஐந்தே பேர். யார் முதலில் ஓடுவது, யார் போஸ்ட்டில் நிற்பது என்பதை அவன் குரல்தான் தீர்மானிக்கும். ஸ்ரீஜேஷ் ஆட்டம் முழுக்கக் கத்துவார். டோக்கியோவில் ரசிகர்கள் இல்லாத காலி மைதானத்தில் அவர் குரல் டிவியிலேயே தெளிவாகக் கேட்டது. ஜெர்மனியோடு 5-4 என்று முன்னணியில் இருந்தபோது கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்ததை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய சில விநாடிகள்தான் நினைவிருக்கும். கையை நீட்டி நீட்டி ஒவ்வொருவனையும் இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். 41 வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் அப்படித்தான் வந்தது. பாரிஸ் காலிறுதியில் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை கிடைத்து, இரண்டாவது குவார்ட்டரிலிருந்தே பத்துப் பேரோடு பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்களே, அன்றைக்கும் பின்னாலிருந்து அந்தக் குரல் ஓயவில்லை. அதை வழிநடத்துவது என்று சொல்லிப் பையன்களுக்குப் பாடமாகவே எடுத்தேன். "பாருங்கலே, எப்படிப் பேசுதார் பாருங்க" என்று திரையைக் காட்டினேன். அதே வாரத்தில்தான் அந்தப் போன்.

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றல்லதான். "ரைட்ல ஆளு, பிடி" என்பது வேறு, "காதுல பஞ்சா" என்பது வேறு. முதலாவது கோல் விழுவதற்கு முன்னால் வருவது, இரண்டாவது விழுந்த பிறகு வருவது. முப்பத்தாறு வயதுக்காரர் தன் டீமிடம் கத்துவதும், பதினேழு வயதுப் பையன் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு பையனை அழவைப்பதும் ஒரே கணக்கில் வராது. இதை அண்ணாச்சியிடம் இப்படியே சொல்லியிருக்கலாம். "முன்னாடி நாலு தடவ சரியாத்தான் சொன்னான், கோல் போன பெறகு ஒரு தடவ தப்பாப் பேசிட்டான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது "ஒங்களுக்கே தெரியுமே". அவருக்கு என்ன தெரியும்? அவர் அந்த ஃபைனலுக்கு வரவே இல்லை.

பொய் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் உண்மை. அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்பதால் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

பதினேழு வயதில் ஒருவனைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? ஸ்ரீஜேஷ் கிழக்கம்பலத்திலிருந்து பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போன பையன். கீப்பர் கிட் வாங்க அவர் அப்பா மாட்டை விற்றதைப் பின்னால் ஊரே பேசியது. 2006-லேயே இந்திய டீமுக்குள் வந்துவிட்டாலும் நிலையான இடம் கிடைக்கப் பல வருடம் வெளியே உட்கார்ந்திருந்தார். 2012 லண்டனில் இந்தியாவுக்குப் பன்னிரண்டாவது இடம், அதாவது கடைசி இடம். அந்த டீமிலும் அவர் இருந்தார். அந்த வருடங்களில் அவரைப் பற்றி யாரோ ஒருவரிடம் யாரோ ஒருவர் போனில் கேட்டிருப்பார்கள்தானே? அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் போல் இழுக்காமல் பேசியிருக்க வேண்டும். இது என் ஊகம். ஆனால் அந்த ஊகம் என்னைத் தூங்க விடுவதில்லை.

எங்கள் பள்ளியில் கீப்பர் கிட் ஒரே செட். கீப்பர் பாதத்தில் மாட்டும் கிக்கர் ஒன்றின் வார் அறுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கேட்டு எழுதிய கடிதம் போன இடம் தெரியவில்லை. அவன் பழைய ஸ்கூல் பேக்கிலிருந்து பட்டையை வெட்டி, கோணி ஊசியும் சணலும் வைத்துத் தானே தைத்துக்கொண்டான். தையல் பாதத்தில் உறுத்தக் கூடாது என்று முடிச்சை வெளிப்பக்கம் போட்டிருந்தான். செம்மண் தரையில் பந்து எப்போது கல்லில் பட்டு எகிறும் என்று சொல்ல முடியாது, அதனால் உடம்பெல்லாம் கன்றிப்போய் இருக்கும். பேடின் ஃபோம் வேர்வையில் ஊறி நாறும். காலையில் மற்றவர்கள் எழும் முன்பே அதைக் காம்பவுண்டு சுவரில் காயப்போட்டிருப்பான். தினம் சாயங்காலம் கடைசி இருபது நிமிடம் அதைக் கழற்றி எட்டாவது படிக்கும் சின்னப் பையனுக்கு மாட்டிவிட்டு, எதிரில் நின்று பந்து போடுவான். நான் சொல்லி அல்ல. டீமில் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் செய்கிற காரியம் இல்லை இது. இதுவும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வரவில்லை.

இன்னொன்று, எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் பேசிக்கொண்டிருந்த வராந்தாவின் கோடியில் பைப் இருக்கிறது. போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். பத்தடி. உள்ளே எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க இவன் மட்டும் ஏன் வெளியே வந்தான் என்று அப்போது எரிச்சல்தான் வந்தது. 'பார், சந்தோஷத்திலும் சேரமாட்டான்' என்று மனதில் ஓடியது. அவன் தண்ணீரை நிறுத்திவிட்டு, "சார், இனிமே அவர் வரமாட்டார்லா?" என்றான். முகம் வீங்கியிருந்தது. நான் "ஆமாலே" என்றேன். அவன் காதில் ஏதாவது விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் என்றைக்கும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஹாக்கி இந்தியா சீனியர் டீமில் 16-ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்தது. எங்கள் பையன் முதுகில் இருந்ததும் 16-தான். "சார், நம்பர மாத்தணுமா?" என்று வந்து நின்றான். "சீனியர் டீமுக்குத்தான் அப்படி. ஜூனியருக்கு உண்டு, நீ போட்டுக்கோ" என்றேன். அப்படி ஒரு சிரிப்பு சிரித்தான்.

லிஸ்ட் வந்தது. அவன் பெயர் இல்லை. என் சொல்லால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. எடுத்த பையனும் நல்ல கீப்பர், உயரம் கூட. அண்ணாச்சியிடம் கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு டோர்னமெண்டில் எனக்கு அறிமுகமில்லாத ஒரு கோச், அவன் பெயரைக் கேட்டதும், "ஓ, டீமப் பிரிக்கிற பையன்னு சொன்னாங்களே, அவனா?" என்றார். 'பாத்துக்கிடணும்' என்று என்னிடமிருந்து கிளம்பியது எத்தனை வாய் மாறி 'பிரிக்கிற பையன்' ஆனதோ! "யார் சொன்னது, அப்படியெல்லாம் இல்ல" என்று உடனே மறுத்தேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

பிளஸ் டூ முடித்து, கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காக நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வந்தான். "சக வீரர்களுடன் இணக்கமாகப் பழகக்கூடியவர்" என்று எழுதினேன். எல்லாப் பையன்களுக்கும் எழுதுகிற வரிதான், அன்றைக்கு அதை எழுதப் பேனா நகரவில்லை. நின்றபடியே படித்துப் பார்த்தான். அந்த வரிக்கு வந்தபோது கண் கொஞ்சம் கூடுதலாக நின்றது போல் எனக்குப் பட்டது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று போய்விட்டான். இடம் கிடைத்தது. இப்போதும் ஆடுகிறான். நான் நினைத்த உயரத்தில் அல்ல.

2025 கடைசியில் ஜூனியர் உலகக்கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, மதுரையில் இந்தியா ஆடிய ஓர் ஆட்டத்துக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்போது இந்திய ஜூனியர் கோச் ஸ்ரீஜேஷ். பேடு இல்லாமல், எல்லைக்கு வெளியே. அந்தக் குரல் மட்டும் அப்படியே. எனக்குப் பக்கத்தில் அந்த ரைட் பேக், கல்லூரியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இப்போது நல்ல டிஃபெண்டர். பேச்சுவாக்கில் கீப்பரைப் பற்றி விசாரித்தேன். அடிக்கடி போனில் பேசிக்கொள்வார்களாம்.

கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் கத்துனது இப்பவும் காதுலயே இருக்கு சார்" என்றான்.

எந்தக் கத்தல் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர், கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அவனும் எழுந்துவிட்டான்.