காகிதக் கூழில் ஒரு குள்ளத் திருக்கை: மூன்றாம் வாரம்

காகிதக் கூழ் வேலை அம்மாவிடம் கற்றது. பழைய செய்தித்தாளை மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார். நான் அதே கூழில் ஆழ்கடல் மீன்களைச் செய்கிறேன். இம்முறை ஃபெனஸ்ட்ராஜா பேரினம். மொத்தம் எட்டு இனங்கள், எல்லாம் குள்ளத் திருக்கைகள். 1889இல் விலங்கியலாளர் ஆல்காக் பெயரிட்ட மாமில்லிடென்ஸ் என்ற இனம் நம் பக்கத்துக் கடலைச் சேர்ந்தது. அதன் தெளிவான படம் கிடைக்காததால் மேற்கு அட்லாண்டிக் இனமான புளூட்டோனியாவை எடுத்துக்கொண்டேன். பல நூறு மீட்டர் ஆழத்தில் வாழ்கிற மீன். 1881இல் விலங்கியலாளர் கார்மன் அதற்குப் பாதாளத் தெய்வம் புளூட்டோவின் பெயரை வைத்தார். வளர்ந்தாலும் 27 சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் அசல் அளவிலேயே செய்கிறேன். வீட்டில் யாரும் இடத்துக்காகச் சண்டைக்கு வரவில்லை.

முதல் உருவம் குப்பைக்குப் போனது. வால் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சந்தைக்குப் போய் ஒரு திருக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சாட்டை போன்ற வால், அதில் ஒரு முள். அப்படியே செய்துவிட்டேன். படத்தோடு ஒப்பிட்டபோதுதான் உறைத்தது: சந்தையில் கிடந்தது கொட்டும் வகை, குட்டி போடுவது. என்னுடையதோ முட்டையிடும் கூட்டம். கொட்டும் முள் கிடையாது, வால் நுனியருகே முதுகுப்பக்கம் இரண்டு சின்னத் துடுப்புகள் உண்டு. இரண்டையும் திருக்கை என்றே சொல்லிப் பழகிய வினை.

இரண்டாவதில் மூன்று ஈர்க்குகளை நூலால் கட்டி வாலாக்கினேன். உடம்பைவிட வால் நீளம் என்பதால் தூக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது. மெல்லியதாகத் தட்டிய உடம்பின் ஓரம் வெயிலில் அப்பளமாகச் சுருண்டது. மறுபடி நனைத்து, பாதி காய்ந்ததும் பலகையை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றி நிழலில் விட்டேன். படிந்துவிட்டது.

முதுகு முட்களுக்கு ஈர்க்கு நுனிகளை நகவெட்டியால் நறுக்கி, ஊசியால் துளையிட்டு, வால்பக்கம் சாய்த்து நட்டேன். தோலின் சொரசொரப்புக்குப் பசை தடவி ரவை தூவினேன். காலையில் எறும்புகள் பாதியைக் கொண்டுபோயிருந்தன. இப்போது சலித்த மணல்.

நேற்று அடிப்பக்கம். பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவுகளைக் கீறி, வாய்க்கு மேலே இரண்டு நாசித் துளைகளைக் குத்தினேன். “அப்பா, இது சிரிக்கிறது” என்றாள் மகள். அவை கண்கள் இல்லையம்மா, கண்கள் மேல்பக்கம் என்று திருப்பிக் காட்டினேன். திருப்பிய பிறகுதான் தெரிந்தது, அங்கே கண்களை இன்னும் வைக்கவேயில்லை.