தசைக் கட்டியும் குறுகிய வாய்ப் போத்தலும்

தேவிபட்டினத்தில் நாங்கள் வளர்க்கும் மண்டை இன நாயின் பின்தொடையில் எழுந்த கட்டி, தோலோடு நகராமல் சதைக்குள் ஆழப் பதிந்திருந்தது. ஊசியால் உறிஞ்சியபோது இரத்தம் மட்டுமே வந்தது. இவ்வகைக் கட்டிகள் செல்களை எளிதில் உதிர்ப்பதில்லை என்பதால் அதை நம்பி ஆறுதல் அடைய வேண்டாம் என்றார் மருத்துவர். எனவே கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்சி எடுத்தோம்.

துண்டை வாங்கிச் சென்ற தனியார் ஆய்வகத்தின் முகவர், அதைக் குறுகிய வாயுள்ள மருந்துப் போத்தலில் திணித்து, மூழ்கியும் மூழ்காமலும், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றி, ஃப்ரீசரில் வைத்துவிட்டார். ஃபார்மலினில் சதை விறைத்துவிடும். உள்ளே வழுக்கிப் போனது திரும்பி வராது. இடுக்கியால் பிய்த்து எடுத்ததில் நசுங்கியது பாதி, உறைந்து சிதைந்தது மீதி. முடிவு கூற இயலாது என்று அறிக்கை வந்தது. கேட்டதற்கு, "வெயில்ல கெட்டுடக் கூடாதுன்னுதான் சார், மீன் மாதிரி ஐஸ்ல வச்சோம்" என்றார்கள். மறு பரிசோதனைக்குப் புதிதாகக் கட்டணமும் கேட்டார்கள்!

இரண்டாம் முறை அகன்ற வாய் டப்பாவை நானே வாங்கிக் கொடுத்தேன். திசுவைப் போலப் பத்து மடங்கு அளவுக்குப் பத்து சதவீத ஃபார்மலின் இருக்க வேண்டும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும், ஏனெனில் பேனா மை கரைந்துவிடும். இம்முறை வேறோர் ஆய்வகம், கதிர்செல் சார்கோமா, அதாவது நீண்டு ஒடுங்கிய செல்கள் கொண்ட சதைப் புற்று, என்றது. அது எந்தத் திசுவில் பிறந்தது என்பதை அறியச் சிறப்புச் சாயப் பரிசோதனை தேவைப்பட்டது. திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையைப் பத்திரப்படுத்தும்படி முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால், நாயை மீண்டும் வெட்ட நேரவில்லை. தசைச் செல்களில் உள்ள டெஸ்மின் என்ற புரதம் மட்டும் தெரிந்திருந்தால் மென்தசைக் கட்டி என்றும் ஐயுற இடமிருந்திருக்கும். எலும்புத்தசைக்கே உரிய மயோஜெனின் என்ற புரதமும் தெரிந்ததால் எலும்புத்தசைப் புற்றான ராப்டோமயோசார்கோமா என உறுதியாயிற்று.

மார்பு எக்ஸ்ரேயில் பரவல் இல்லை. சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர் நல்ல சதையோடும், அடியில் ஒரு தசையுறையோடும் கட்டியை அகற்றினார்கள். வெட்டிய ஓரங்களுக்கு மை தடவி அனுப்பச் சொல்லுங்கள். எச்சம் உண்டா என்பதை அதுவே காட்டும். டாக்சோரூபிசின் என்ற புற்று மருந்தை ஏற்றும்போது நாய் அசையாமல் இருக்க வேண்டும். மருந்து இரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகும்.

இரண்டு அறிக்கைகளையும் மேசையில் வைத்துப் பேசிய பிறகு, முதல் ஆய்வகம் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தந்தது. மீதியைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.