ரீயூனியன்: உயரத்தால் அளக்க வேண்டிய தீவு

பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் வரைபடத்தைப் பார்த்ததும் ‘இவ்வளவுதானா, இரண்டு நாளில் சுற்றிவிடலாமே’ என்றுதான் தோன்றும். நீளம் 63 கி.மீ., அகலம் 45 கி.மீ., பரப்பு 2,512 சதுர கி.மீ. கரையோரச் சாலையில் ஒரு முழுச் சுற்று 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் கரையிலிருந்து நேர்கோட்டில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் உள்ளே பித்தோன் தெ நேழ் சிகரம் 3,070 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. இந்தியப் பெருங்கடலில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. இந்தத் தீவில் பயணத் திட்டம் போடுகிறவர்கள் கிலோமீட்டர் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, போகும் இடம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே எத்தனை மணிக்கு மேகம் மூடும் என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எந்தப் பயிர் எங்கே விளைகிறது, அரசாங்கம் எப்போது எந்தச் சாலையை மூடுகிறது என்பதெல்லாம் அந்த இரண்டையும் ஒட்டியே அமைந்திருக்கின்றன.

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ., மொரீஷியஸுக்குத் தென்மேற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் தீவு இருக்கிறது. கடலடியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரமுள்ள எரிமலைக் குவியலின் நுனிதான் நமக்குத் தெரிகிறது. பூமியின் ஆழத்திலிருந்து இதை எழுப்பிய அதே வெப்பமுனைதான் (பாறைக்குழம்பு மேலெழும் இடம்), இந்திய நிலத்தட்டு தன் மேல் நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைப் பாறை அடுக்குகளைக் கொட்டியது. லட்சத்தீவு, மாலத்தீவுத் தொடரின் அடித்தளமும், பிறகு மொரீஷியஸும் அதே வரிசையில் பிறந்தவை. மகாராஷ்டிரத்தின் படிக்கட்டு மலைகளைப் பார்த்தவர்கள் இங்கே வந்தால் அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தைச் சூடாகவே பார்க்கலாம்.

தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று மலையில் மோதி கிழக்கிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்குச் சரிவின் மேல்பகுதிகளில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் மழை சாதாரணம். மேற்குக் கரையில் பல இடங்களில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. உலக வானிலை அமைப்பு அங்கீகரித்த மழைச் சாதனைகள் சில இந்தத் தீவுக்குச் சொந்தமானவை: 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ.; 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் எரிமலைவாய் அருகே 72 மணி நேரத்தில் 3,930 மி.மீ. கிழக்கின் தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக மேற்கின் வயல்களுக்குக் கொண்டுபோகிறார்கள். விடுதியை மேற்கே வைத்துக்கொண்டு கிழக்கைக் காலை வேளைகளில் பார்ப்பதே பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும்.

எரிமலைக்கு வருவோம். பித்தோன் த லா ஃபுர்னேஸ் (2,632 மீ.) உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. சில ஆண்டுகளில் மூன்று நான்கு முறை வெடிக்கும், சில ஆண்டுகளில் சும்மா இருக்கும். குழம்பு இளகலானது என்பதால் பெரும்பாலும் சாம்பலை வானுயர வீசாமல், பிளவுகளிலிருந்து ஊற்றாகப் பீறிட்டு ஆறாக ஓடுகிறது. ஓடும் இடமும் பெரும்பாலும் ஆன்க்ளோ என்ற குதிரைலாட வடிவப் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல் வெளியேறிய தருணங்கள் உண்டு. 1977 ஏப்ரலில் குழம்பு பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்துவிட்டு, மாதா கோயிலின் வாசலில் இரண்டாகப் பிரிந்து நின்றது. அந்தக் கோயிலுக்கு இன்று ‘லாவா மாதா’ என்றே பெயர். அதன் பிறகுதான் 1979இல் பூர்க் முராவில் எரிமலை ஆய்வகம் அமைந்தது. நில அதிர்வு, தரையின் சாய்வு, ஜி.பி.எஸ். நகர்வு எல்லாவற்றையும் இரவு பகலாகக் கவனிக்கிறார்கள். 2007 ஏப்ரலில் உச்சியிலுள்ள தொலொமியே எரிமலைவாயின் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. அன்று கீழே ஓடிய குழம்பு நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் விழுந்து புது நிலத்தைச் சேர்த்தது.

அந்த எரிமலைவாயின் விளிம்பு வரை நடந்தே போகலாம். தென்கரையில் சேன் பியேரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்: பூர்க் முரா வரை நல்ல சாலை, அங்கிருந்து காட்டுச் சாலை, கடைசியில் ப்ளேன் தே சாப்ல் என்ற சிவப்பும் கறுப்புமான கசடு வெளியில் குண்டும் குழியுமான மண் பாதை. அது முடியும் இடம் பா தெ பெல்கோம்ப், 2,311 மீட்டர். அங்கே ஒரு இரும்புக் கதவும் செங்குத்துச் சுவரில் இறங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளும் இருக்கின்றன. கீழே இறங்கியதும் ஃபொர்மிகா லியோ என்ற செந்நிறச் சிறு கூம்பு. அதைத் தாண்டியதும் பாறையில் பூசிய வெள்ளைப் புள்ளிகளே வழிகாட்டி. போகவர ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் நிழலும் இல்லை, சொட்டுத் தண்ணீரும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பத்து மணிக்கு வெயில் தோலை உரிக்கும். கம்பளியும் தொப்பியும் ஒரே பையில் வேண்டும்.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் தாமதத்தால். காலை எட்டரைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் காட்சி கிடைப்பது அரிது, ஏனென்றால் ஒன்பது, பத்து மணிக்குள் கரையிலிருந்து மேகம் ஏறிவந்து பள்ளத்தை நிரப்பிவிடும். காட்சி போனால்கூடப் பரவாயில்லை. வெள்ளைப் புள்ளிகளும் மறைந்துவிடுவதுதான் ஆபத்து. எல்லாப் பாறையும் ஒன்றுபோல இருக்கும் வெளியில் பத்தடி விலகினாலே திசை தெரியாது. புள்ளி தெரியாவிட்டால் கடைசியாகப் பார்த்த புள்ளியிலேயே நின்று மேகம் விலகக் காத்திருங்கள், 112ஐ அழையுங்கள். கரடுமுரடான லாவா, செருப்பையும் கேன்வாஸ் காலணியையும் கிழிக்கும். விழுந்தால் உள்ளங்கையையும் கிழிக்கும். கணுக்காலை மூடும் காலணி கட்டாயம். வெடிப்பு நெருங்குகிறது என்று ஆய்வகம் சொன்ன உடனே அந்த இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்போது பித்தோன் தெ பேர் செல்லும் விளிம்புப் பாதையோ, கடற்கரைச் சாலையோதான் பார்வையிடம். எது திறந்திருக்கிறது என்பதை ப்ரெஃபெக்சூர் எனும் அரசுப் பிரதிநிதி அலுவலகம் அன்றன்றைக்கு அறிவிக்கும்.

நடக்க முடியாதவர்கள் சேன்த் ரோஸிலிருந்து சேன் ஃபிலிப் வரை ‘லாவா சாலை’யில் காரில் போனால் போதும். ஒவ்வொரு குழம்பு ஓட்டத்தின் ஓரத்திலும் ஆண்டு எழுதிய பலகை உண்டு. புதியது கரிக்கறுப்பு, சில ஆண்டுகளில் சாம்பல் நிறப் பாசிக்காளான் படர்கிறது, பிறகு பெரணி, பிறகு மரக்கன்று. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் காடு எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

பழைய எரிமலையான பித்தோன் தெ நேழைச் சுற்றி நிலம் இடிந்து, அரித்து உண்டான மூன்று பெரும் கிண்ணங்கள் சலாசி, சிலாவோஸ், மஃபாத். ஆயிரம் மீட்டர் செங்குத்துச் சுவர்கள் சூழ்ந்த இவற்றையும் சிகரங்களையும் யுனெஸ்கோ 2010இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சிலாவோஸுக்குச் சேன் லூயியிலிருந்து ஒரே சாலை: சுமார் 37 கி.மீ., நானூறுக்கு மேற்பட்ட வளைவுகள், ஒரு வண்டி மட்டும் நுழையும் குகைவழிகள். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். மேலே விளையும் மைசூர் பருப்பு வகையான லாந்தீயைத் தீவு முழுக்கப் பெருமையாகச் சமைக்கிறார்கள். சிகரம் ஏறுகிறவர்கள் சிலாவோஸ் பக்கத்து லெ ப்ளோக்கிலிருந்து மூன்று மணி நேரம் ஏறி, 2,478 மீட்டரில் கவேர்ன் துஃபூர் தங்குமனையில் இரவைக் கழித்து, அதிகாலை நான்கு மணிக்குள் புறப்படுவது வழக்கம்.

மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. சுமார் எழுநூறு, எண்ணூறு பேர் ‘ஈலே’ எனப்படும் சிறு சமதளங்களில் வாழ்கிறார்கள். அரிசி, எரிவாயு, சிமெண்ட் எல்லாம் ஹெலிகாப்டரில் வருகின்றன. குப்பையும் அதில்தான் போகிறது. மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. தொடக்கப் பள்ளி உள்ளேயே உண்டு, அதற்கு மேல் படிக்கப் பிள்ளைகள் வெளியூரில் தங்க வேண்டும். நிலம் அரசுடையது, குடியிருப்போர் வனத்துறையிடம் குத்தகைக்குத்தான் இருக்கிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்குச் சலாசி பக்கத்து கோல் தே பெஃப் கணவாயே எளிய வாசல். காவலுள்ள கட்டண நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, தமரேன் மரக்காட்டு வழியே இரண்டு மணி நேரத்தில் லா நூவெல் போய்ச் சேரலாம். திரும்பும்போது அதுவே ஏற்றம் என்பதை மறந்து மாலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தை மூடுபனியிலும் இருட்டிலும் நடக்க நேரும். இரவு தங்குவதானால் தங்குமனையைச் சாப்பாட்டோடு சேர்த்து முன்பதிவு செய்யுங்கள். உள்ளே ஏ.டி.எம். இல்லை, யூரோவை நோட்டாக எடுத்துப் போங்கள். பெருமழைக்குப் பின் கணவாய்ச் சாலை அடிக்கடி சரியும்.

மக்கள் தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மனிதர் யாரும் இல்லாதிருந்த தீவில் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். காப்பிக்கும் பிறகு கரும்புக்கும் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். சுமார் 62,000 பேர் விடுதலை பெற்ற 1848 டிசம்பர் 20 இன்றும் பொது விடுமுறை. அடிமைகளின் இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் மிகப் பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பல் ஏறிய தமிழர்கள். 1882இல் பிரிட்டிஷ் இந்தியா இந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். இறங்கியதும் அவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த லா க்ராந்த் ஷலூப் கட்டடம் தலைநகர் சேன் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் இடையே கடலோரத்தில் இருக்கிறது. தமிழ் பேசுகிற எவரும் அங்கே ஒரு மணி நேரமாவது செலவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அவர்களின் வழித்தோன்றல்களை இங்கே மல்பார் என்கிறார்கள். பேச்சு க்ரியோலும் பிரெஞ்சும். தமிழ் பெரும்பாலும் பூசையிலும் பெயர்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் கரும்பாலையை ஒட்டி எழுந்த கோயில்களில் பாஞ்சாலிக்குத் தீமிதி, முருகனுக்குக் காவடி, காளிக்குக் கிடாவெட்டு எல்லாம் விடாமல் நடக்கின்றன. தீமிதிக்கு முன் நாள்கணக்கில் விரதம் இருக்கிறார்கள், பாரதம் படிக்கிறார்கள். சேன் அந்த்ரே, சேன் பியேர் கோயில்களுக்குப் போகிறவர்கள் அன்று புலால் தவிர்த்துப் போவது நல்லது. காலணியை வெளியே விட வேண்டும், படமெடுக்கக் கேட்டே எடுக்க வேண்டும். உணவில் சோறு, பருப்பு வகை, ‘காரி’, காரமான ‘ருகாய்’ என்ற தொக்கு, ஒரு கீரை; முருங்கைக்கீரையும் அதில் உண்டு.

ஆட்சி அமைப்பு புதுச்சேரிக்காரர்களுக்குப் பாதி பழக்கமாகவே இருக்கும்: கொம்யூன் எனும் உள்ளாட்சிப் பகுதிகள் 24, ஒவ்வொன்றுக்கும் மேயர். 1946 மார்ச் 19 சட்டத்தால் காலனி நிலை முடிந்து தீவு பிரான்ஸின் மாவட்டமானது. 1982இல் அதே நிலப்பரப்பு மண்டலமும் ஆனது. அதனால் ஒரே மண்ணுக்கு இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள்: சமூக நலமும் நடுநிலைப் பள்ளிகளும் மாவட்ட மன்றத்திடம், உயர்நிலைப் பள்ளிகளும் நெடுஞ்சாலைகளும் மண்டல மன்றத்திடம். பாரிஸ் நியமிக்கும் ப்ரெஃபே இவை இரண்டுக்கும் வெளியே நின்று பாதுகாப்பு, பேரிடர் உத்தரவுகளைப் பிறப்பிக்கிறார். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு 7 பிரதிநிதிகளும் 4 செனட்டர்களும் போகிறார்கள். பிற கடல்கடந்த மாவட்டங்கள் சில துறைகளில் விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையை 2003 அரசியல் சட்டத் திருத்தம் தந்தபோது, அதிலிருந்து ரீயூனியனுக்கு மட்டும் விலக்கு எழுதவைத்தவர் சேன் அந்த்ரேயின் தமிழ் வம்சாவளி மேயராக இருந்த ஜான்-போல் விராப்புல்லே. பிரான்ஸோடு இணைப்பு தளரக் கூடாது என்பது அவர் வாதம். தீவு இன்றும் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இணைப்பின் விளைவைக் கடையில் பார்க்கலாம். அரசு ஊழியர் சம்பளம் பிரான்ஸைவிட 53 சதவீதம் அதிகம். இறக்குமதிக்கு ‘ஒக்த்ருவா தெ மேர்’ என்ற பழைய கடல்வரி வேறு. உணவுப் பொருள் விலை பிரான்ஸைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். மக்களில் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. பயணிகள் ஞாயிறு சந்தையிலும் தெருவோரச் சாப்பாட்டு வண்டியிலும் வாங்கினால் செலவு கணிசமாகக் குறையும்.

விசாவில் கவனம் வேண்டும். தீவு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோ செல்லும், ஆனால் ஒரே விசா பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் ஷெங்கன் பகுதியில் இல்லை. விண்ணப்பத்திலேயே ரீயூனியன் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கடலில் குளிப்பது லெர்மித்தாஜ், லா சலீன் போன்ற பவளத் திட்டுக்குள் அடங்கிய ஆழமற்ற நீரிலும் காவலுள்ள இடங்களிலும் மட்டும். சுறாத் தாக்குதல்களுக்குப் பின் 2013 முதல் மற்ற இடங்களில் தடை.

மே முதல் நவம்பர் வரை வருவது உத்தமம். புயல் பருவத்தில் வந்தால் நிறங்களை அறிந்திருங்கள். மஞ்சள் என்றால் முன்னெச்சரிக்கை. ஆரஞ்சு என்றால் பள்ளிகள் மூடும், குடிநீர், ரொட்டி, மெழுகுவத்தி வாங்கி முடிக்க வேண்டிய நேரம் அது. மலையிலிருந்து உடனே இறங்கிவிடுங்கள். சிவப்பு என்றால் வெளியே நடமாடவே தடை. ஊதா என்றால் மீட்புப் படையும் வெளியே வராது. 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கு அதை முதன்முறையாக அறிவித்தார்கள். சிவப்பு நீங்கிய பிறகும் ‘பாதுகாப்புக் கட்டம்’ என்று ஒன்று உண்டு. மழை நின்று வானம் வெளுத்திருந்தாலும் மேலே பெய்த தண்ணீர் பள்ளத்தாக்குகளில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆற்றின் குறுக்கே போட்ட தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால், அது முழங்காலளவே இருந்தாலும், காரை இறக்காதீர்கள். உயிர்கள் போவது அங்கேதான்.