இரண்டு ஸ்டேஷன், ஒரு ஓ.பி. சீட்டு

கம்பத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தின் எல்லை ஊர், விடியுமுன் ஜீப் ஏறி கேரளா மலையில் ஏலக்காட்டு வேலைக்குப் போய் இருட்டினால் திரும்புகிற ஊர். மலையிலேயே கட்டிக்கொடுத்து, ஏழு வருஷம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தவள் ஒருத்தி, புருஷனின் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டாள். கவுன்சலிங் பார்க்கிற நான் அவளோடு அலைந்த கதை இது. பேரும் எஸ்டேட்டும் வேண்டாம்.

முதலில் இந்தப் பக்கத்து ஸ்டேஷன். நாலு வரி கேட்டதுமே ரைட்டர் பேனாவை மூடிவிட்டார். "அடிச்சது கேரளாவுல. அங்க போய்க் குடும்மா." போனோம், என் புத்தி. அங்கே நாற்காலி போட்டு, டீயும் கொடுத்து, "இப்போ தமிழ்நாட்டிலல்லே தாமசம்?" (இப்போ குடியிருக்கிறது தமிழ்நாட்டில்தானே?) என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலி போச்சு. அதற்குள் அவள் நடந்ததை மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. மூன்றாம் தடவை அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எல்லையைக் காட்டி எந்த ஸ்டேஷனும் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 ஜூலையில் வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனுப் போடலாம். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும், ரைட்டர் குரலை உயர்த்தியதும் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் இரண்டு பிரிவையும் பிரிண்ட் எடுத்துப் போனேன். வாயைத் திறக்காமல் மேஜையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கான ரசீது, கையில். நடந்ததை அவள் வார்த்தையிலேயே ஒரே தடவை எழுதி வாங்கி ஜெராக்ஸ் போட்டுக்கொண்டதும் அன்றுதான். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

பெரிய தப்பும் என்னுடையதுதான். மலையில் வைத்தியம் பார்த்த ஓ.பி. சீட்டை ஆதாரம் என்று நீட்டினேன். அதில் இங்கிலீஷில் 'கீழே விழுந்ததால் காயம்' என்று இருந்ததை எஸ்.ஐ. படித்துக் காட்டினார். நான் படித்தே பார்க்கவில்லை. அவளைக் கேட்டேன். "டாக்டர் கேட்டப்ப அவர் பக்கத்துலதான்க்கா நின்னாரு. வேற என்ன சொல்ல?" மறுபடி இங்கே அரசு ஆஸ்பத்திரி, மறுபடி வரிசை. அவளை மட்டும் உள்ளே விடச் சொன்னேன். டூட்டி டாக்டர் புதுக் காயத்தையும் ஆறிப்போன தழும்பையும் தனித்தனியாக ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதினார். எந்தச் சீட்டிலும் 'எப்படி ஆச்சு' என்ற வரியை முதலில் படியுங்கள்.

இன்னொன்று. மலையடிவாரத்தில் போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். அவள் ஒரு ராத்திரி பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிட்டபோது மலையாளத்தில் பேசியிருக்கிறார்கள், பதறி வைத்துவிட்டாள். வைக்க வேண்டாம், தமிழில் பேச ஆள் கேட்டால் போதும்.

தேனியில், குடும்ப வன்முறைச் சட்டப்படி இருக்கிற பாதுகாப்பு அலுவலர் ஒரே மூச்சில் அறிக்கை எழுதிக் கொடுத்தார். சட்டப்பணிகள் குழு வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமானச் சான்றே தேவையில்லை. அங்கும் ஒரு கிளார்க் அதைக் கேட்டார், அது வேறு கதை. இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. இந்தியா முழுக்கச் செல்லும், மலைமேலும் செல்லும். பையனையும் டி.சி. இல்லாமலே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது வேறொரு தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறாள். போன வாரம் தூக்குவாளிப் பையிலிருந்து உத்தரவை எடுத்துக் காட்டினாள். லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்! கோர்ட் நகலை அப்படிச் செய்யாதே, நாளைக்குச் செல்லாது என்பார்கள் என்று திட்டினேன்.

"நல்ல நகல்தான் உங்ககிட்ட இருக்கே. இது மழைக்குக்கா" என்றாள்.