அப்பாவின் காலணி

எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் எதுவானாலும், அப்பா தம் இடது காலை மாட்டிக்கொள்ளும் சத்தத்தோடுதான் தொடங்கும். சிலிக்கான் உறையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, முழங்காலுக்குக் கீழே எஞ்சியிருக்கும் முனையில் பொருத்தி, நடுவில் காற்று தங்காதபடி மெல்ல மெல்ல மேலே சுருட்டிவிடுவார். அந்த உறையின் அடியில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். துணி உறைகளையும் போட்டுக்கொண்டு செயற்கைக் காலின் குழிக்குள் இறங்கி எழுந்து நிற்கும்போது, தண்டு பல் பல்லாகப் பூட்டிக்கொண்டு ‘டிக், டிக்’ என்று சத்தம் எழுப்பும். அப்பாவின் கணக்கில் ஏழு முறை கேட்க வேண்டும். ஐந்தோடு நின்றுவிட்டால் கால் வீங்கியிருக்கிறது என்று பொருள். துணி உறை ஒன்றைக் குறைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார்.

நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள். அப்பா சிறு வயதிலேயே பால் வெட்டப் போனவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு குலை அறுத்தார். தோட்டத்தை விட்டு வெளியேறி டவுனுக்கு வந்து, நான் தையல் கடை வைத்த சில ஆண்டுகளில் இனிப்பு நீர் என்கிற நீரிழிவு நோய் அவருடைய காலை எடுத்துக்கொண்டது. என் கடைக்கு வரும் குடும்பங்களில், கால் விரலையோ பாதத்தையோ இந்த நோய்க்குக் கொடுத்தவர் ஒருவராவது இல்லாத குடும்பங்கள் குறைவு. ஆகவே இதை அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நாங்கள் முதன்முறை தமிழ்நாட்டுக்குப் போனது அத்தையைப் பார்ப்பதற்காக. அத்தையின் கணவர் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று தோட்டங்களில் கெடுபிடி வந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. அவர்களில் ஒருவராக, 1970இல் பினாங்கில் ரஜுலா கப்பலில் ஏறிய அக்காவுக்குக் கையசைத்தபோது அப்பாவுக்கு வயது பதினான்கு. அதன் பிறகு கடிதங்களும் பின்னாளில் தொலைபேசியும் மட்டுமே இருந்தன. கால் போன பிறகுதான் அவருக்கு அக்காவைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அக்காவின் வீட்டு வாசலில் நடந்து போய் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயணத்தில் எந்த விமான நிலையத்தில் இது நடந்தது என்பதை எழுதப் போவதில்லை. பாதுகாப்புச் சோதனை வாசலில் மணி அடித்தது. அடிக்கத்தான் செய்யும், முழங்காலுக்குக் கீழே இருப்பது உலோகக் குழாய். சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவின் தலைக்கு மேலாக அந்த அதிகாரி என்னைப் பார்த்து, இவரால் நடக்க முடியுமா என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அடுத்து, காலைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள் என்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. விமானத்துக்கு நேரமாகிவிட்டதோ என்ற பயம் எனக்கு. “கழட்டிடுங்கப்பா” என்று சொன்னது அந்த அதிகாரி அல்லர், நான்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அப்பா பேசாமல் கழற்றிக் கொடுத்தார். காலுறையும் கறுப்புக் காலணியும் போட்டபடியே அந்தக் கால், யாரோ ஒருவருடைய முதுகுப் பைக்கும் குழந்தைப் பால் புட்டிக்கும் நடுவில், ஊடுகதிர் இயந்திரத்துக்குள் போனது. அப்பா வெற்றுக் கால்சட்டையின் நுனியை இரண்டாக மடித்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அது மறுபக்கம் வெளியே வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றி மாட்டுவது ஐந்து நிமிட வேலைதானே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். எஞ்சிய காலை அழுத்திப் பிடித்திருக்கும் உறை நீங்கிய சில நிமிடங்களிலேயே அது வீங்கத் தொடங்கிவிடும். நெடுநேரம் உட்கார்ந்து வந்தவருக்கு இன்னும் விரைவாக வீங்கும். அன்று அவசரத்தில் மாட்டியபோது மூன்று ‘டிக்’தான் கேட்டது. மூன்று பல்லில் தொங்கிய காலோடு குடிநுழைவு முகப்புக்குப் போனால், அங்கிருந்த நிழற்படக் கருவி நின்றுகொண்டிருப்பவரின் முக உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். அப்பா முகப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழிக்குள் கால் ஏறி இறங்கி உராய்ந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. ஊருக்குப் போய் அவிழ்த்துப் பார்த்தபோது முனையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. இனிப்பு நீர் உள்ளவருக்கு அது சிறிய புண் அன்று. அத்தை வீட்டுக்கு அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அத்தையின் பேரன்கள் இருவர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்த அனுபவம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு மேடையேறிய நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 2021 அக்டோபரில், ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் தம் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று காணொளியில் இந்தியப் பிரதமரிடம் முறையிட்டார். அங்குள்ள விமான நிலையங்களில் சோதனை நடத்தும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் காணொளியை நான் அப்பாவுக்குக் காட்டினேன். நாடறிந்தவர் கழற்றியதையும் தாம் கழற்றியதையும் சேர்த்துப் பார்த்தாரோ என்னவோ, முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

இரண்டாண்டுகள் கழித்து மறுபடியும் போகலாம் என்று அவர்தான் தொடங்கினார். இந்த முறை நான் முன்னதாகவே விசாரித்துவிட்டேன். சக்கர நாற்காலி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வது போதாது. விமான நிறுவனங்கள் அதை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. படி ஏறக்கூடியவர், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாதவர் ஒரு வகை. படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் தம் இருக்கைவரை நடந்து போவார் என்பது இரண்டாம் வகை. இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவர் மூன்றாம் வகை. அப்பா இரண்டாம் வகை. முதல் பயணத்தில், தெரியாமல் முதல் வகையில் பதிந்திருந்தேன். விமானம் பாலத்தோடு இணையாமல் திடலில் நின்றால், படியேறும் நிலை அவருக்கு வந்திருக்கும். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாகவே தொலைபேசியில் அழைத்து, வகையைச் சொல்லிப் பதியவைத்து, பதிந்ததற்கு எழுத்தில் உறுதி கேட்டு வாங்கிக்கொண்டேன். செயற்கைக் கால், அதில் உலோகம் இருப்பது, இன்சுலின், ஊசி ஆகியவற்றைக் குறிப்பிட்ட மருத்துவர் கடிதம் ஒன்றும் வாங்கினோம். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையின் குளிரில் உறைந்துவிட்டால் அது பயன்படாது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை இருந்தால் கடப்பிதழுக்குக் கட்டணம் இல்லை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் முறை எடுத்தபோது அட்டையைக் காட்டவே தோன்றவில்லை.

இவையெல்லாம் தாமாகக் கிடைத்துவிட்ட வசதிகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அறவே நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள மறுத்த ஒரு விமான நிறுவனத்துக்கு எதிராக, 2007இல் சிப்பாங் விமான நிலையத்தின் குறைந்த கட்டண முனையத்தில் சக்கர நாற்காலிகளிலேயே வந்து கூடி எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. மீறினால் தண்டனை என்று அதில் இல்லாமல் வந்தது ஒரு குறை. 2016இல் விமானப் பயணிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் விதிகள் வந்தன. அந்த 2007ஆம் ஆண்டுக் கூட்டத்தினர் அன்று அங்கே வந்து கூடியதால்தான் என்னால் வீட்டில் உட்கார்ந்துகொண்டே தொலைபேசியில் கேட்க முடிந்தது என்று நம்புகிறேன்.

கடிதங்களைவிட எங்களுக்கு அதிகம் உதவியது ஒரு கால்சட்டை. செயற்கைக் காலைச் சோதிக்கும் அதிகாரி அதைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், வெடிமருந்துத் துகள் உண்டா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். அப்பாவின் கால்சட்டை முழங்கால்வரை சுருட்ட வராது. அதனால்தான் பேச்சு உடனே கழற்றுவதில் போய் முடிகிறது. சாம்பல் நிறத் துணியில் புதிதாக ஒன்று வெட்டி, இடது காலின் வெளிப்பக்கத் தையலைக் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் நான்கு விரற்கடைவரை திறந்துவிட்டு, அதில் பிளாஸ்டிக் ஜிப் வைத்துத் தைத்தேன். உலோக ஜிப் வைத்தால் கருவி அதற்கும் சேர்த்துச் சத்தமிடும். ஜிப்பின் மேல் ஒரு பட்டி வைத்து மூடியதால் பார்ப்பவர்களுக்குச் சாதாரணக் கால்சட்டையாகவே தெரிந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு, ஒரே இழுப்பில் திறந்து, ஒரே இழுப்பில் மூடிப் பழகினார்.

காலணியைப் பற்றி அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டால் குதிகால் தாழ்ந்து, யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல இருக்குமாம். மனிதர் நின்றாலும் நடந்தாலும் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவார். எத்தனையோ ஆண்டுகளாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு இது தெரியாது. அப்படியிருக்க, சோதனை வாசலில் நிற்கும் ஓர் இளைஞருக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதை நாங்கள் வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டோம்.

விடியற்காலை இரண்டு மணிக்கு வாடகை வேன் வந்தது. சிப்பாங்கில் பயணப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலி தள்ளும் பணியாளரோடு சோதனைக்குப் போனோம். மணி அடித்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்து, கையால் அப்பாவைக் காட்டினேன். அந்த ஓர் அடி எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது.

“எஞ்சே, காக்கி சாயா பல்சு,” என்றார் அப்பா. என் கால் செயற்கைக் கால் ஐயா, காலணியைக் கழற்றினால் விழுந்துவிடுவேன், காலைக் கழற்றினால் வீங்கிவிடும், ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று தோட்டத்து மலாயில் நிதானமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஜிப்பைத் திறந்தார். அந்த அதிகாரி நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “போலே சாயா பெகாங், பக்சிக்?” என்று, தொடுவதற்கு முன் அனுமதி கேட்டார். அப்பா தலையசைத்தார். குழாய், பாதம், காலணியின் அடி, நாற்காலியின் கைப்பிடி எல்லாவற்றையும் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். தனி அறை வேண்டுமா என்றும் கேட்டார்கள். அப்பா வேண்டாம் என்றார்.

திருச்சியில் இறங்கியபோது வேறொரு சிக்கல் காத்திருந்தது. மின் விசாவில் வருபவர்களின் விரல் ரேகையைக் குடிநுழைவில் பதிவு செய்கிறார்கள். அப்பாவின் விரல்களில் ரேகை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பால் உறைய ஊற்றும் ஆசிட்டும் உளிக் கத்தியும் செம்பனை முள்ளும் அதைத் தேய்த்துவிட்டன. இங்கே வங்கியில் மைகார்டு அடையாள அட்டைக்குப் பெருவிரல் வைக்கும்போதும் இதே பாடுதான். கருவி மூன்று முறை மறுத்தது. முகப்பிலிருந்த அதிகாரி அவசரப்படுத்தாமல், “ஐயா, விரலை நெத்தியில நல்லா தேச்சிட்டு வைங்க” என்றார். நெற்றியின் எண்ணெய்ப் பசை ஏறியதும் கருவி ஏற்றுக்கொண்டது. “என்ன வேலை பாத்தீங்க?” என்று அவர் கேட்டதற்கு, “பால்மரம்” என்று அப்பா சொன்னார். நிழற்படத்துக்கு எழுந்து நின்றார். கால் ஏழு பல்லும் பூட்டி உறுதியாக இருந்தது.

அத்தை வீட்டு வாசலில் மூன்று படிகள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பாவே ஏறினார். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

சென்ற வாரம், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்காள் ஒருவர் கடைக்கு வந்தார். பக்கவாதம் வந்த தம் தாயாரைச் சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். அவருக்கு வலது கை விரல்கள் மடங்கி இறுகிவிட்டன, விரித்தால் வலிக்கும். என்னென்ன கேட்பார்கள், ரேகைக்கு என்ன செய்வது என்று என்னிடம்தான் கேட்டார். கடையின் ஓரத்தில் தம் நாற்காலியில் இருந்த அப்பா, “அம்மாவுக்குப் பேச்சு இருக்கா?” என்று கேட்டார். மெல்லப் பேசுவார் என்றார் அவர். “அப்போ அவங்களையும் கூட்டிக்கிட்டு வாம்மா. கை எவ்வளவு விரியும்னு அவங்கதான் சொல்லணும்,” என்றார் அப்பா. சனிக்கிழமை காலையில் வருகிறார்கள்.