திரை கறுத்தாலும் பவரைத் தொடாதீர்கள்

நேற்று ராத்திரி மூன்று சர்வர்களுக்குப் புது ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) ஏற்றினோம். முதலில் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் தனிச் சிப்), அப்புறம் பயாஸ் (சர்வரைத் தொடக்கி வைக்கும் ஃபர்ம்வேர்). மூன்றாவது சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் திரை கறுத்துவிட்டது. விசிறிகள் மட்டும் முழு வேகத்தில் இரைந்தன. கூட இருந்த தம்பியின் கை பவர் பட்டனுக்குப் போனது. "வேண்டாம்ப்பா, மெமரியைச் சரிபார்க்குது, பொறு" என்றேன். 11 நிமிடம் கழித்துத்தான் உயிர் வந்தது. பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் போர்டே செத்துவிடலாம்.

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அப்டேட்?" என்று கேட்பவர்களுக்கு: 2019இல் ஒரு எச்சரிக்கை வந்தது. அப்டேட் செய்யாவிட்டால் சில எஸ்எஸ்டிகள் (சிப்பில் டேட்டா சேமிக்கும் டிஸ்க்குகள்) 32,768 மணி நேரம் ஓடியதும் டேட்டாவோடு போய்விடும். காரணம் ஃபர்ம்வேர் பிழை. ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் ஒன்றாகவே போகும். ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) இருந்தும் பயனில்லை.

நாலாவது சர்வர் இன்று இரவு.