லுண்ட் டைரி: ஆகஸ்ட்லேர்ந்து பொங்கல் வரைக்கும்

ஆகஸ்ட் 18, 2023, வெள்ளி

வந்து சேந்துட்டேன். ஸ்வீடன்ல ஒரு செமஸ்டர் படிக்கப் போறேன்னு தெருவுக்கே சொல்லிட்டு வந்து இறங்குனது டென்மார்க்ல. லுண்ட் ஸ்வீடனோட தெக்கு மூலைல இருக்கறதால கோபன்ஹேகன் ஏர்போர்ட்தான் கிட்ட, ஏர்போர்ட்லயே ஸ்டேஷன், ஏறுனா முதல்ல கடலுக்கு அடியில 4 கிலோமீட்டர் டன்னல், அப்புறம் நடுக்கடல்ல ஒரு செயற்கைத் தீவுல ட்ரெயின் வெளிய வந்து கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் பாலம். பாம்பன் பாலத்துலயே போயிருக்கோம் இதென்ன பெருசான்னு நெனச்சேன், ஆனா வாய பொளந்துகிட்டுதான் பாத்தேன். பாலம் தாண்டுனதும் முதல் ஸ்டேஷன்ல போலீஸ் ஏறி பாஸ்போர்ட் பாத்தாங்க, பெர்மிட் கார்ட நீட்டுனேன், சிரிச்சிட்டு போய்ட்டாங்க.

ரூம் சின்னது, சுத்தமா இருக்கு. காரிடார்ல மொத்தம் ஒன்பது ரூம், ஒன்பது பேருக்கும் ஒரே கிச்சன், ஃப்ரிட்ஜ்ல ஆளுக்கு ஒரு தட்டு. எட்டு மணி தாண்டியும் வெளிச்சம், ராத்திரி சாப்பாட்ட எப்ப சாப்புடறதுன்னே தெரியல. அம்மாகிட்ட வந்துட்டேன்னு சொல்லியாச்சு. வட இந்திய ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும் ஊர் பேர சொல்ல முடியல, விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, ஏன்னு இங்க எழுத முடியாது.

ஆகஸ்ட் 30, புதன்

டைம்டேபிள்ல 10ன்னு இருந்தா 10:15க்குதான் கிளாஸ். அகாடமிக் கால்மணியாம். அந்த காலத்துல ஆளுக்கு ஆள் வாட்ச் கிடையாது, சர்ச் மணி அடிச்சதும் கெளம்பி நடந்து வர்றதுக்கு குடுத்த கால் மணி நேரம் இதுன்னு சொல்றாங்க. யூனிவர்சிட்டி 1666ல ஆரம்பிச்சது, பழக்கம் இன்னும் போகல. நான் 9:50க்கே போய் காலி ஹால்ல தனியா உக்காந்திருந்தேன்.

ப்ரொஃபஸர ‘சார்’னு கூப்பிட்டேன். திரும்பி பின்னாடி யாராச்சும் இருக்காங்களான்னு பாத்தாரு. அப்புறம் பேர் சொன்னா போதும்னாரு. அறுபது வயசு ஆளு, எங்க பெரியப்பா வயசு, அவர பேர் சொல்லி கூப்புடறதுக்கு நாக்கு வரல. இங்கயும் ஒரு காலத்துல பட்டம், பதவி எல்லாம் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம், அறுபதுகளோட கடைசில எல்லாத்தையும் தூக்கிட்டு எல்லாருக்கும் ‘நீ’ன்னு ஆக்கிட்டாங்களாம். சரிதான், ஆனா எனக்கு அதெல்லாம் ஒரு வாரத்துல வராது. இப்போதைக்கு பேரே சொல்லாம ‘எக்ஸ்க்யூஸ் மீ’ வெச்சு ஓட்டுறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்னிக்கு துணி துவைக்கிற கதை. பேஸ்மென்ட்ல பொது வாஷிங் ரூம். வாசல்ல ஒரு போர்டு, அதுல தேதிக்கும் நேரத்துக்கும் ஒரு ஓட்டை. நம்ம ரூம் நம்பர் போட்ட குட்டி பூட்டு ஒண்ணு குடுத்திருக்காங்க, எந்த ஸ்லாட் வேணுமோ அந்த ஓட்டைல மாட்டி பூட்டிட்டா அந்த நேரம் நம்மளது. பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிக்கிறோம்ல, அதேதான், என்ன இங்க துண்டுக்கு சாவி இருக்கு. ஒருத்தர் பூட்ட இன்னொருத்தர் தொட முடியாது. அடுத்த ஒரு வாரத்துக்கு நல்ல ஸ்லாட் எல்லாம் போயே போச்சு, எனக்கு கிடைச்சது ஞாயிறு காலைல 7.

ரெண்டாவது தடவ போறப்போ ட்ரையர் மேல ஒரு சீட்டு. பச்சை மைல, முத்து முத்தா ஸ்வீடிஷ். ஃபோன்ல மொழிபெயர்த்துப் பாத்தா ‘உன் பஞ்சு உனக்கு பத்திரமா இருக்கட்டும்’ங்கற மாதிரி, பக்கத்துல ட்ரையர் ஃபில்டர்லேர்ந்து எடுத்த பஞ்ச உருண்டையா உருட்டி வெச்சிருக்கு. நான்தான் அதுக்கு முன்னாடி ஸ்லாட். பஞ்சு எடுக்கணும்னு எனக்கு யார் சொன்னா? கதவ தட்டி சொல்லிருக்கலாம்ல. இங்க யாரும் மூஞ்சிக்கு நேரா சண்டை போட மாட்டாங்க, சீட்டு எழுதி ஒட்டுவாங்க, அதுக்குன்னு ஒரு தனி பேரே இருக்காம்.

இன்னொரு கடுப்பு ஸ்விஷ். நம்ம ஜிபே மாதிரி, ஊர்ல எல்லாரும் அதுலதான் காசு அனுப்புறாங்க. அதுக்கு இங்கத்த பேங்க் அக்கவுன்ட் வேணும், அது சுலபமா கிடைக்கறதுக்கு நம்ம ஆதார் மாதிரி ஒரு பர்சன் நம்பர் வேணும், பர்சன் நம்பருக்கு குறைஞ்சது ஒரு வருஷம் தங்கணும், நான் வந்தது அஞ்சு மாசத்துக்கு. பழைய சைக்கிள் வித்த பொண்ணுகிட்ட நோட்ட நீட்டுனேன், அவ அத செல்லாத நோட்ட பாக்கற மாதிரி பாத்தா. இளநீர் கடைல க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டிருந்தவளுக்கு வந்த கதி.

செப்டம்பர் 24, ஞாயிறு

கதீட்ரல் போனேன். 12ஆம் நூற்றாண்டு கட்டடம். கீழ நிலவறைல ஒரு தூண, ஒரு ஆளு கட்டிப்புடிச்சிட்டு நிக்கிற சிலை. ஃபின்னுன்னு ஒரு ராட்சசனாம். கோயில் நான் கட்டித் தரேன், முடியறதுக்குள்ள என் பேர கண்டுபிடிக்கலன்னா சூரியனையும் சந்திரனையும் குடு, இல்ல உன் ரெண்டு கண்ணக் குடுன்னு சாமியார்கிட்ட கண்டிஷன் போட்டானாம். அவன் பொண்டாட்டி குழந்தைய தூங்க வெக்க பாடுன தாலாட்டுல பேர் வெளிய வந்துடுச்சு. கோவத்துல தூண புடுங்கி கோயில இடிக்கப் போனவன் அப்படியே கல்லாயிட்டான். நம்ம ஊர் தல புராணம் மாதிரியே இருக்குல்ல? எதிர் ரூம் ஸ்வீடன் பையன் பேரும் எனக்கு இன்னும் தெரியாது, ஒரு மாசமா ‘ஹெய்’ மட்டும்தான். அவங்க அம்மா வந்து தாலாட்டு பாடணும் போல.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கறவங்களுக்கு: ப்ளூடூத் இந்த ஊர்லதான் பொறந்தது, இங்க இருந்த எரிக்சன் ஆபீஸ்ல. பேரு பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டு ப்ளூடூத்தோடது. அந்த லோகோ அவரோட ரெண்டு எழுத்த சேத்து வெச்சது. டெட்ரா பேக்கும் இந்த ஊர்தான், 1951. ஃப்ரூட்டி குடிச்சப்பல்லாம் யார் நெனச்சா.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்னிக்கு கேம்பஸே ஆட்டம். ஃபிசிக்ஸ் நோபல் எங்க யூனிவர்சிட்டி ஆன் லுய்லியேவுக்கு! அகோஸ்டினி, க்ராஸ்னு இன்னும் ரெண்டு பேரோட சேத்து, அட்டோசெகண்ட் ஆராய்ச்சிக்கு. அட்டோசெகண்ட்னா ஒரு செகண்ட நூறு கோடியா வெட்டி, அதுல ஒரு துண்ட மறுபடி நூறு கோடியா வெட்டுனா வர்றது, அவ்ளோ குட்டி நேரத்துக்கு வெளிச்சத்த மின்னவெச்சு எலக்ட்ரான் நகர்றத பாக்குறாங்க. ஃபிசிக்ஸ்ல நோபல் வாங்குன அஞ்சாவது பொம்பள. இதெல்லாம் விடுங்க. நோபல்காரங்க ஃபோன் பண்ணப்போ அவங்க கிளாஸ் எடுத்துட்டு இருந்திருக்காங்க, ஃபோன் சைலன்ட்ல, ப்ரேக்லதான் எடுத்தாங்களாம். எடுத்து பேசிட்டு, திரும்பிப் போய் மீதி கிளாஸ முடிச்சிருக்காங்க! நான் அந்த கிளாஸ்ல இல்ல, என் துரதிர்ஷ்டம். அப்பாகிட்ட சொன்னேன், ‘நம்ம ஊரா இருந்தா லீவு விட்டுருப்பாங்க’ன்னாரு. சாயங்காலம் எல்லாரும் ‘ஆன்’, ‘ஆன்’னுதான் பேசிக்கறாங்க. நோபல் வாங்குனவங்களயே பேர் சொல்றாங்கன்னா நான் ஏன் தயங்கணும்னு என் ப்ரொஃபஸருக்கு முதல் தடவையா பேர் போட்டு மெயில் அனுப்பிட்டேன். கீழ ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ன்னு போட்டத மட்டும் விட முடியல.

அக்டோபர் 4, புதன்

கனேல்புல்லே நாள், அதாவது பட்டை போட்ட பன்னுக்கு ஒரு நாள். எனக்கு ஏலக்காய் பன்னுதான் பிடிச்சிருக்கு. ஒடச்சா உள்ள ஏலக்காய் கொரகொரன்னு இடிச்சுப் போட்டது தெரியுது, நம்ம பாயசத்துல கூட இவ்ளோ போட மாட்டோம். காபியோட 60 குரோனா, ஒரு குரோனா ஏழரை ரூபா, கணக்கு போடாம சாப்பிட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

எக்ஸாம். அஞ்சு மணி நேரம்! காலைல 8லேர்ந்து மதியம் 1. பேப்பர்ல பேர் கெடையாது, ஒரு கோட் நம்பர். எல்லாரும் டேபிள் மேல டிபன் கட்டி வந்து கடை போட்டுட்டாங்க, வாழைப்பழம், ப்ரெட்டு, ஃப்ளாஸ்க். முன்னாடி உக்காந்திருந்தவன் பதினோரு மணிக்கு ரொம்ப பொறுமையா ஒரு முட்டைய உரிச்சான், உப்பு பொட்டலம் வேற தனியா. நான் ஒரு தண்ணி பாட்டிலோட போய் உக்காந்தேன், பத்து மணிக்கே பசி. அரியர்னு ஒரு பயமும் யாருக்கும் இல்ல, மறு எக்ஸாம் தேதி இப்பவே போட்டு வெச்சிருக்காங்க.

அக்டோபர் 29, ஞாயிறு

ராத்திரி கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிட்டாங்க. ஊருக்கும் எனக்கும் மூணரை மணி நேரம் இருந்தது நாலரை ஆயிடுச்சு. அம்மா வழக்கமான நேரத்துக்கு கூப்பிட்டாங்க, நான் தூக்கத்துல. சாயங்காலம் அஞ்சுக்கு முன்னாடியே இருட்டு.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நேத்தே பக்கத்து ஊர் மால்மோ போய் உளுந்தும் கருவேப்பிலையும் வாங்கிட்டு வந்தேன். கிரைண்டர் இல்ல, கிச்சன் மிக்ஸி பாவம் சூடாகி நாத்தம் வந்துடுச்சு. இந்த குளிர்ல மாவு பொங்கணுமே, ஓவன்குள்ள வெச்சு லைட்ட மட்டும் போட்டு விட்டேன். யாராச்சும் தெரியாம ஓவன ஆன் பண்ணிட்டா இட்லி கேக்காயிடும்னு ‘ஓவன் போடாதீங்க’ன்னு ஸ்வீடிஷ்ல ஃபோன பாத்து எழுதி ஒட்டினேன். காலைல வந்து பாத்தா மாவு நல்லா பொங்கிருக்கு. சீட்டுல ஒரு எழுத்து மேல யாரோ ரெண்டு புள்ளி வெச்சிருக்காங்க. புள்ளி இல்லன்னா அது ‘உக்காந்தான்’னு ஆயிடுமாம். பச்சை மை!

கிச்சன்ல எதிர் ரூம் பையன் உக்காந்து க்ராஸ்வேர்டு போட்டுட்டு இருந்தான், கைல பச்சை பேனா. பஞ்சு உருண்டைக்காரன் நீதானாடா. அவனுக்கு ரெண்டு தோசை குடுத்தேன், தக்காளி சட்னியோட. சாப்பிட்டு ‘தாக்’ன்னு, அதாவது நன்றின்னு, சொல்லி தட்ட கழுவி வெச்சிட்டு போனான். நல்லாருக்கு, நல்லால்ல, ஒண்ணும் கிடையாது.

நவம்பர் 19, ஞாயிறு

வேர்ல்டு கப் ஃபைனல். காலைல ஒன்பதரைக்கு உக்காந்தோம். ஹெட் 137. எழுத ஒண்ணும் இல்ல.

டிசம்பர் 4, திங்கள்

ஊர்ல மிக்ஜாம் புயல். வீடு வேளச்சேரி, தரைத்தளம். காலைல ஏழுக்கு அம்மா பேசுனாங்க, தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கரன்ட் இல்ல, ‘சார்ஜ் கம்மியா இருக்கு, வெச்சிடறேன், நீ சாப்டியா’ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கால் போகல. அப்பா நம்பரும் போகல, தம்பியதும் போகல. ஏர்போர்ட் ரன்வேல தண்ணி நிக்கிற வீடியோதான் திரும்ப திரும்ப வருது.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்னும் கால் போகல. பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கமெல்லாம் படகுல ஆளுங்கள கூட்டிட்டு போறத நியூஸ்ல காட்டுறான், ஒவ்வொரு மூஞ்சியா பாஸ் பண்ணி பாத்தேன். இங்க எல்லா ஜன்னல்லயும் நட்சத்திரமும் எலக்ட்ரிக் மெழுகுவத்தியும், கார்த்திகைக்கு அகல் வெச்ச மாதிரி, மூணே முக்காலுக்கு இருட்டிடுது, ஊரே அழகா இருக்கு, எனக்கு எரிச்சலா வந்துச்சு.

ராத்திரி ரூம்ல இருக்க முடியாம கிச்சன்ல போய் உக்காந்தேன், ஃபோன டேபிள் மேல வெச்சிட்டு. பதினோரு மணிக்கு எதிர் ரூம் பையன் டீ போட வந்தான். என் மூஞ்சிய பாத்தான். ‘வீட்ல வெள்ளம், ஃபோன் போகல’ன்னேன். தலைய ஆட்டிட்டு போய்ட்டான். இவ்ளோதானான்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷத்துல ஒரு பையோட திரும்பி வந்து எதிர்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சான். ஒரு வார்த்த பேசல. ஊசி ரெண்டும் டிக் டிக்னு. ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தோம், பாதிக் கை பின்னி முடிச்சிட்டான்.

டிசம்பர் 6, புதன்

தம்பி பேசினான்! மாடி வீட்டு ஆன்ட்டி வீட்ல இருக்காங்களாம் எல்லாரும். ஃப்ரிட்ஜ், சோபா, என் செமஸ்டர் நோட்டு எல்லாம் காலி. அப்பா பின்னாடிலேர்ந்து ‘ஸ்கூட்டர் போச்சுன்னு சொல்லு’ன்னு கத்துறாரு. நல்லா அழுதேன். கிச்சன்ல அவன்கிட்ட ‘ஓகே’ன்னு கட்டை விரல காட்டுனேன், ‘ப்ரா’ன்னான். இங்க ‘நல்லது’க்கு அதான் வார்த்தை, சிரிக்காதீங்க.

டிசம்பர் 13, புதன்

லூசியா பண்டிகை. காலைல இருட்டுல வெள்ளை கவுன் போட்ட பொண்ணுங்க வரிசையா, முன்னாடி போறவ தலைல மெழுகுவத்தி கிரீடம். பாட்டு நல்லாருந்துச்சு. குங்குமப்பூ பன் குடுத்தாங்க, வாசனை அப்படியே கேசரி.

ஜனவரி 4, 2024, வியாழன்

நேத்தும் இன்னிக்கும் எங்க மாகாணம் ஸ்கோனே முழுக்க பேய்ப் பனி. ஹோர்பி கிரிஸ்டியான்ஸ்டாட் நடுவுல ஈ22 ரோட்டுல ஆயிரம் வண்டி கிட்ட மாட்டி, ராத்திரி முழுக்க ஜனங்க கார்லயே, ஆர்மி வந்து இறக்குச்சு. இப்ப அம்மா முறை. பத்து தடவ ஃபோன். ‘நான் ரூம்லதான்மா இருக்கேன், ஹீட்டர் ஓடுது’ன்னா நம்ப மாட்டேங்கறாங்க, ஜன்னல வீடியோல காட்ட சொல்றாங்க.

ஜனவரி 16, செவ்வாய்

நாளைக்கு ஃப்ளைட். நேத்து பொங்கல், குக்கர்ல வெச்சேன், பொங்கல, விசிலடிச்சுது. ரூம காலி பண்றதுன்னா ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி வரைக்கும் துடைக்கணும், செக் பண்ண ஆள் வருவாங்க, காலைலேர்ந்து முட்டி போட்டு தேச்சதுல முதுகு போச்சு. மீதி உளுந்த எதிர் ரூம் பையன்கிட்ட குடுத்தேன், இத வெச்சு என்ன பண்றதுன்னு அவன் கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல.

சாவியோட துணி துவைக்கிற பூட்டையும் திருப்பி குடுக்கணுமாம். ஞாயிறு காலை 7க்கு வழக்கம் போல மாட்டி வெச்சிருந்தேன், கீழ போய் கழட்டிட்டு வந்தேன். சரியா அரை மணி நேரம் கழிச்சு குப்பை போட திரும்ப போறேன், அந்த ஓட்டைல அவன் பூட்டு தொங்குது.